காதல் கடிதம் என்று வந்த கள்ளன்!

உலகத்தைக் கலக்கிய மணிலா வாலிபர். இன்று கல்யாணப் பத்திரிகை வேடத்தில் வரும் ஆபத்து

"நான் உன்னைக் காதலிக்கிறேன்."

இப்படி ஒரு கடிதம் வந்தால், அதைப் பிரித்துப் பார்க்காமல் தூக்கிப் போடுகிறவர் யார்?

2000-ம் ஆண்டு மே மாதம் 4-ந்தேதி. வியாழக்கிழமை. ஹாங்காங் நகரில் ஆபீஸ் வேலை மும்முரமாக நடந்து கொண்டிருந்தது. அப்போது பலருடைய கம்ப்யூட்டர்களுக்கு ஓர் இ-மெயில் வந்தது. தலைப்பு: "ஐ லவ் யூ". உள்ளே ஒரே ஒரு வரி. "நான் அனுப்பியுள்ள காதல் கடிதத்தைத் தயவு செய்து பாருங்கள்" என்று அதில் எழுதியிருந்தது. கூடவே கடிதமும் இணைக்கப்பட்டிருந்தது.

அனுப்பியவர் யார் என்று பார்த்தால், முன்பின் தெரியாத ஆசாமி அல்ல. பக்கத்து மேஜையில் வேலை பார்க்கிறவர்! அல்லது மேலதிகாரி! அல்லது பல வருஷங்களாகப் பேச்சே இல்லாமல் இருந்த பழைய சிநேகிதர்!

ஆசையோடு திறந்தவர் உண்டு. "இவருக்கு என்ன பைத்தியமா?" என்று சிரித்துக் கொண்டே திறந்தவரும் உண்டு. எப்படித் திறந்தால் என்ன? திறந்த மறுகணமே அந்தக் கடிதம் தன் வேலையை ஆரம்பித்து விட்டது.

கம்ப்யூட்டரில் இருந்த போட்டோக்களை அது அழித்தது. அழித்த இடத்தில் தன்னையே எழுதி வைத்தது. பாட்டுகளை ஒளித்து வைத்தது. பிறகு விலாசப் புத்தகத்தைப் புரட்டியது. அதில் எத்தனை பேர் விலாசம் இருந்ததோ, அத்தனை பேருக்கும் அதே காதல் கடிதத்தை, கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரர் பெயரிலேயே அனுப்பியது. அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் அமைதியாக உட்கார்ந்திருந்தார். அவர் பெயரில் நூறு பேருக்குக் காதல் கடிதம் போய்க் கொண்டிருந்தது!

சூரியன் மேற்கே போகப் போக, கடிதமும் மேற்கே போயிற்று. ஐரோப்பாவில் ஜனங்கள் வேலைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். அங்கே பரவிற்று. பிறகு அமெரிக்காவில் விடிந்தது. அங்கேயும் பரவிற்று. லண்டனில் பிரிட்டிஷ் பார்லிமெண்டின் இ-மெயிலையே சிறிது நேரம் நிறுத்தி வைத்தார்கள். அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் தப்பவில்லை. உளவு பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட சி.ஐ.ஏ. தப்பவில்லை. ஃபோர்டு மோட்டார் கம்பெனி இ-மெயிலை அடைத்து வைத்தது. லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. நஷ்டம் பல நூறு கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள்.

பீரங்கி வெடிக்கவில்லை. ஒரு கடிதம் வந்தது. அவ்வளவுதான்.

சங்கிலிக் கடிதம்

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். முன்பெல்லாம் வீட்டுக்கு ஒரு கார்டு வரும். "இதைப் படித்தவர், இதே போல் இத்தனை பேருக்கு எழுதிப் போட வேண்டும். போட்டால் நன்மை உண்டாகும். போடாவிட்டால் கஷ்டம் வரும்" என்று எழுதியிருக்கும். பயந்தவர்கள் விளக்கை ஏற்றி வைத்துக் கொண்டு கார்டு கார்டாக எழுதுவார்கள். யாருக்கு நன்மை வந்ததோ தெரியாது. தபால் இலாகாவுக்கு வியாபாரம் நடந்தது!

கம்ப்யூட்டர் வைரஸ் என்பதும் ஏறத்தாழ அந்தக் கார்டுதான். ஒரே ஒரு வித்தியாசம். கார்டை மனிதன் எழுதிப் போட வேண்டும். வைரஸ் தன்னைத் தானே எழுதிக் கொள்ளும். தானே போய்த் தபாலிலும் சேர்ந்து கொள்ளும்.

அது எப்படி என்று கேட்கலாம்.

கம்ப்யூட்டருக்கோ செல்போனுக்கோ சொந்த புத்தி கிடையாது. அது ஒரு சமையல்காரரைப் போன்றது. அதுவும், சீட்டில் எழுதிக் கொடுத்ததை மட்டும் அப்படியே செய்கிற சமையல்காரர். "அரிசியைக் களை. உலையை வை. கொதி வந்ததும் அரிசியைப் போடு" என்று சீட்டு கொடுத்தால் சோறு தயார். இந்தச் சீட்டுக்குத்தான் புரோகிராம் என்று பெயர். செல்போனில் செயலி அல்லது ஆப் என்கிறோம். எல்லாம் உத்தரவுச் சீட்டுதான்.

இப்போது யாரோ ஒருவன் சீட்டின் அடியில் இரண்டு வரி சேர்த்து எழுதி விடுகிறான். "வீட்டுக்காரரின் பீரோச் சாவியை எடுத்து என்னிடம் கொடு. இந்தச் சீட்டை நகல் எடுத்துத் தெருவிலுள்ள எல்லாச் சமையல்காரருக்கும் கொடு." நம் சமையல்காரர் ஏன் என்று கேட்க மாட்டார். செய்து விடுவார். தெரு முழுவதும் செய்து விடும்.

காதல் கடிதத்திலும் சாவி திருடும் வேலை இருந்தது. கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகளைத் திருடி அனுப்பும் இன்னொரு புரோகிராமை இன்டர்நெட்டிலிருந்து வரவழைக்க அது முயன்றது.

வாலில் இருந்தது சூது

ஆயிரக்கணக்கான படித்த உத்தியோகஸ்தர்கள், கம்ப்யூட்டரே தொழிலாக உள்ளவர்கள், எப்படி ஏமாந்தார்கள்?

கம்ப்யூட்டரில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் பெயர் உண்டு. பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பின் சில எழுத்துகள். இதை வால் என்று வைத்துக் கொள்ளலாம். அது என்ன வகைக் கோப்பு என்பதை அந்த வால்தான் சொல்லும். "டி.எக்ஸ்.டி." என்று வால் இருந்தால், வெறும் எழுத்து, படிக்கலாம், அது நம்மை ஒன்றும் செய்யாது. "வி.பி.எஸ்." என்று வால் இருந்தால், அது உத்தரவுச் சீட்டு. திறந்தால் அதில் உள்ளபடி கம்ப்யூட்டர் நடக்கும்.

காதல் கடிதத்துக்கு இரண்டு வால்! முதலில் "டி.எக்ஸ்.டி.", அதற்கும் பின்னால் "வி.பி.எஸ்.". அந்த நாளைய விண்டோஸ் கம்ப்யூட்டர்கள், பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, கடைசி வாலை மறைத்து விட்டே காட்டும். பார்த்தவர்கள் கண்ணில் முதல் வால் மட்டும் பட்டது. "சாதாரணக் கடிதம்தானே" என்று திறந்தார்கள்.

தெரிந்தவர் பெயர். மனத்தைத் தொடும் தலைப்பு. மறைந்திருந்த வால். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக் கொண்டு மேலே படியுங்கள்.

முகத்தை மூடிய வாலிபர்

கடிதம் புறப்பட்ட இடம் பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரான மணிலா என்று துப்பு கிடைத்தது. போலீசார் ஒரு வீட்டைச் சோதனையிட்டார்கள். மே 11-ந்தேதி ஒரு வாலிபர் பத்திரிகை நிருபர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடி. கைக்குட்டையால் முகத்தை மூடிக் கொண்டிருந்தார். பெயர் ஒனல் டி குஸ்மான். கம்ப்யூட்டர் கல்லூரி மாணவர். வயது 24.

"தவறுதலாக அனுப்பி விட்டீர்களா?" என்று கேட்டார்கள்.

"இருக்கலாம்" என்றார். அதற்கு மேல் அன்று அவர் வாயிலிருந்து எதையும் பிடுங்க முடியவில்லை.

விசாரித்ததில் ஒரு விஷயம் வெளிவந்தது. படிப்பை முடிக்க அவர் கல்லூரிக்கு ஓர் ஆராய்ச்சித் திட்டம் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் காலத்தில் பிலிப்பைன்ஸில் இன்டர்நெட்டுக்குக் காசு கொடுத்துக் கட்டுப்படியாகாது. ஆகவே, பிறருடைய பாஸ்வேர்டைத் திருடி ஏழைகள் இனாமாக இன்டர்நெட் பார்க்க ஒரு புரோகிராம் எழுதலாம் என்பது அவருடைய திட்டம்! ஆசிரியர்கள் திடுக்கிட்டார்கள். திருடர்களைத் தயார் செய்வது கல்லூரியின் வேலை அல்ல என்று குறிப்பு எழுதித் திருப்பிக் கொடுத்து விட்டார்கள்.

சரி, தண்டனை என்ன? ஒன்றும் இல்லை! கம்ப்யூட்டர் வைரஸ் எழுதுவது குற்றம் என்று அப்போது பிலிப்பைன்ஸில் சட்டமே கிடையாது. அவசர அவசரமாக ஜூன் மாதம் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். ஆனால் மே மாதம் நடந்ததற்கு ஜூன் மாதச் சட்டம் செல்லாது. ஆகஸ்டு மாதம் வழக்கைக் கைவிட்டார்கள்.

சுமார் இருபது வருஷம் கழித்து, ஜெஃப் ஒயிட் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் அவரைத் தேடிப் பிடித்தார். மணிலாவில் ஒரு சிறிய கடையில் உட்கார்ந்து செல்போன் ரிப்பேர் பார்த்துக் கொண்டிருந்தார் டி குஸ்மான்! "நான்தான் எழுதினேன்" என்று ஒப்புக் கொண்டார். அமெரிக்கா, ஐரோப்பா வரை போகும் என்று எதிர்பார்க்கவில்லை என்றார். சிங்கப்பூரில் இருந்த ஒருவருக்கு முதலில் அனுப்பி விட்டு, நண்பருடன் குடிக்கப் போய் விட்டாராம். உலகமே அமளிப்பட்டது அவருக்குத் தெரியாது. போலீஸ் யாரையோ தேடுகிறது என்று தாயார் சொல்லித்தான் தெரியுமாம்.

காதல் என்ற பெயரை ஏன் வைத்தார்? எல்லோரும் அன்புக்கு ஏங்குகிறார்கள், அதனால் திறப்பார்கள் என்று கணக்குப் போட்டாராம். கம்ப்யூட்டர் பாடத்தில் எப்படியோ, மனித மனத்தைப் படிப்பதில் அவர் முதல் வகுப்புதான்.

விலாசம் எழுதி வைத்த அண்ணன் தம்பி

இதற்கும் முன்னால் 1986-ல் நடந்தது இன்னும் வேடிக்கை. பாகிஸ்தானில் லாகூர் நகரில் அம்ஜத், பாசித் என்று அண்ணன் தம்பி இருவர் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார்கள். அவர்கள் எழுதிய மருத்துவப் புரோகிராமைச் சிலர் காசு கொடுக்காமல் நகல் எடுத்தார்களாம். கோபம் வந்தது. பிளாப்பித் தட்டில் ஒட்டிக் கொண்டு பரவும் ஒரு புரோகிராமை எழுதி விட்டார்கள். "பிரெய்ன்" என்று அதற்குப் பெயர். ஐ.பி.எம். வகைக் கம்ப்யூட்டர்களில் பரவிய முதல் வைரஸ் இதுதான் என்கிறார்கள். அதற்குள்ளேயே தங்கள் பெயர், கடை விலாசம், டெலிபோன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள்! அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் போன் வரத் தொடங்கியபோது அவர்களே திகைத்துப் போனார்கள்.

இன்றைய கள்ளர்கள் விலாசம் எழுதி வைப்பதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பூட்டு

யாரும் எதையும் திறக்காமலே நுழைந்த வைரசும் உண்டு. 2017-ம் ஆண்டு மே 12-ந்தேதி "வான்னாக்ரை" என்ற ஒன்று கிளம்பிற்று. கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் பூட்டி விட்டு, "300 டாலர் கொடுத்தால் திறப்பேன்" என்று மிரட்டியது. சுமார் 150 நாடுகளில் பரவியது. இங்கிலாந்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்கள் பூட்டிக் கொண்டன. வந்த ஆம்புலன்சை வேறு ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆபரேஷன்கள் தள்ளிப் போயின. டாக்டரைப் பார்க்க நாள் குறித்திருந்த சுமார் 19 ஆயிரம் பேர் பார்க்க முடியாமல் போனதாகக் கணக்கிட்டார்கள்.

மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது ஆங்கிலேய வாலிபர், அந்த வைரஸ் திரும்பத் திரும்பத் தேடிய ஓர் இன்டர்நெட் விலாசத்தைச் சுமார் 10 டாலர் கொடுத்துத் தம் பெயரில் பதிவு செய்தார். ஆராய்வதற்காகத்தான் செய்தார். வைரஸ் பரவுவது நின்று விட்டது!

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வைரஸ் புகுந்த ஓட்டையை அடைக்கும் வழியை மைக்ரோசாப்ட் கம்பெனி இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டு விட்டது. போட்டுக் கொண்டவர்கள் தப்பினார்கள். "பிறகு பார்க்கலாம்" என்று விட்டவர்கள் மாட்டிக் கொண்டார்கள். செல்போனில் "அப்டேட் செய்" என்று வருகிறதே, அதுதான் இந்த ஓட்டை அடைக்கும் வேலை. செல்போனின் செட்டிங்ஸ் பகுதியிலேயே போய் அதைச் செய்யலாம். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் "அப்டேட்" அது அல்ல.

இப்போது கல்யாணப் பத்திரிகை!

"எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாதே" என்று சிலர் நிம்மதியாக இருக்கலாம். இடுப்பில் செருகியிருக்கும் செல்போனும் கம்ப்யூட்டர்தான். அதிலும் 2000-ம் ஆண்டில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: வீட்டுப் பணம்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மாலை நேரம். தாயார் செல்போனைப் பார்க்கிறார். வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது.

"யாருக்கு அம்மா கல்யாணம்?" என்கிறான் மகன்.

"தெரியவில்லை தம்பி. உன் சித்தப்பா அனுப்பியிருக்கிறார். திறந்து பார்த்தால்தானே தெரியும்?"

திறக்கிறார். "இதை இன்ஸ்டால் செய்யலாமா?" என்று செல்போன் கேட்கிறது. "தெரியாத இடத்திலிருந்து வந்தது, ஆபத்து" என்று எச்சரிக்கையும் வரலாம். சித்தப்பா அனுப்பியதில் என்ன ஆபத்து? சரி, சரி என்று அழுத்திக் கொண்டே போகிறார். பத்திரிகை திறக்கவில்லை. "நாளைக்கு அவரையே கேட்டுக் கொள்ளலாம்" என்று செல்போனை வைத்து விட்டு அடுப்பைப் பார்க்கப் போகிறார்.

வந்தது பத்திரிகை அல்ல. ஆண்ட்ராய்டு செல்போனில் ஏற்றும் செயலி. அதன் வால் "ஏ.பி.கே.". பத்திரிகை போட்டோவாக வரும், பி.டி.எப். என்ற கோப்பாக வரும், தொட்டால் திறக்கும். "என்னை இன்ஸ்டால் செய்" என்று எந்தப் பத்திரிகையும் கேட்காது. "உன் எஸ்.எம்.எஸ். எல்லாம் படிக்க அனுமதி கொடு" என்றும் கேட்காது. கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர் பீரோச் சாவியைக் கேட்பாரா?

அந்த அனுமதி எதற்கு? பாங்கியிலிருந்து பணம் எடுக்க ஓ.டி.பி. என்ற ரகசிய எண் எஸ்.எம்.எஸ்.ஸில் வருகிறதல்லவா? அதை நாம் படிக்கும் முன்பே செயலி படித்துத் தன் எஜமானனுக்கு அனுப்பி விடும். "ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதே" என்று பாங்கி சொன்னபடி தாயார் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய் விட்டது!

சில செயலிகள் "அக்செசிபிலிட்டி" என்ற அனுமதியைக் கேட்கும். கண் பார்வை குறைந்தவர்களுக்கு உதவியாக வைக்கப்பட்ட வசதி அது. அந்த அனுமதி பெற்ற செயலி திரையில் உள்ளதைப் படிக்க முடியும். நம் விரலுக்குப் பதிலாகத் தானே பொத்தானை அழுத்தவும் முடியும். கள்ளன் கையில் கிடைத்தால் கேட்க வேண்டுமா?

போலிப் பத்திரிகை மட்டும் அல்ல. போக்குவரத்து அபராத ரசீது என்று வரும். "மின்சாரக் கட்டணம் பாக்கி, இன்றிரவு துண்டிப்பு" என்று வரும். பாங்கிக் கணக்கு முடக்கப்படும் என்றும், விவசாயிகளுக்கு உதவித் தொகை என்றும் வரும். ஒன்று ஆசை காட்டும், இன்னொன்று பயம் காட்டும். வால் மட்டும் ஒன்றுதான். அரசாங்கமோ பாங்கியோ வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. அனுப்பிப் பணம் கேட்பதில்லை.

சித்தப்பா ஏன் இப்படிச் செய்தார்? அவர் செய்யவில்லை. அவரும் அதே பத்திரிகையைத் திறந்தவர்தான். அவர் செல்போனில் இருந்த நம்பர்களுக்கெல்லாம் அவர் பெயரில் அது போயிருக்கிறது. தெரிந்தவர் பெயர், மனத்தைத் தொடும் தலைப்பு, கவனிக்காமல் விட்ட வால். மணிலா வாலிபரின் அதே மூன்று வித்தைகள்!

செயலி வேண்டுமானால் கூகுளின் பிளே ஸ்டோரில் எடுப்பது நல்லது. அங்கே சோதனை உண்டு. ஆனால் அங்கேயும் கண்ணை மூடிக் கொண்டு எடுக்கக் கூடாது. 2019-ல் "ஜோக்கர்" என்ற கள்ளப் புரோகிராம் அங்கிருந்த இருபதுக்கும் மேற்பட்ட செயலிகளுக்குள் ஒளிந்திருந்தது தெரிய வந்தது. செல்போன்காரருக்கே தெரியாமல் மாதச் சந்தா சேவைகளில் அவர் பெயரைச் சேர்த்துப் பணம் கறந்தது. டார்ச் விளக்குக்கு ஒரு செயலி எடுக்கிறோம். அது எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்டால், விளக்குக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுக் கொள்ள வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

திறந்து விட்டால்?

உடனே செல்போனின் இன்டர்நெட்டை நிறுத்த வேண்டும். விமானப் படம் போட்ட பொத்தானை அழுத்தி, வை-ஃபையையும் அணைத்து விட்டால் கள்ளன் வெளியே எதையும் அனுப்ப முடியாது. வேறொருவர் செல்போனிலிருந்து பாங்கிக்குப் போன் செய்து கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்ல வேண்டும். பணம் போயிருந்தால், 1930 என்ற நம்பருக்கு உடனே போன் செய்ய வேண்டும். இந்தியா முழுவதற்கும் உள்ள புகார் நம்பர் இது. புகார் பாங்கிகளுக்குப் போகும். கள்ளன் பணத்தைக் கையில் எடுப்பதற்குள் சொன்னால், வழியிலேயே அதை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. மறுநாள் சொன்னால் அந்த வாய்ப்பு மிகவும் குறைவு.

இங்கேதான் பல வீடுகளில் காரியம் கெடுகிறது. "மகன் திட்டுவானே" என்று தாயார் மறைக்கிறார். "இத்தனை படித்தும் ஏமாந்தாயா என்பார்களே" என்று மகன் மறைக்கிறான். பென்டகனே ஏமாந்த வித்தை இது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? வீட்டில் யாராவது "இப்படி ஒன்றைத் திறந்து விட்டேன்" என்று சொன்னால், திட்டுவதை ராத்திரிக்கு வைத்துக் கொண்டு முதலில் 1930-க்குப் போன் செய்யலாம்.

அந்தச் செயலியை நீக்கினால் போதாது. சில செயலிகள் போனது போல் காட்டி ஒளிந்து கொள்ளும். போட்டோக்களை வேறிடத்தில் பத்திரப்படுத்திக் கொண்டு, செல்போனை முழுவதும் அழித்துப் புதிதாக்கி விடுவது நல்லது. தெரியாவிட்டால், நம்பிக்கையான ரிப்பேர் கடையில் செய்து தருவார்கள். பாஸ்வேர்டுகளையும் பாங்கி ரகசிய எண்ணையும் வேறு செல்போனிலிருந்து மாற்ற வேண்டும்.

அப்புறம், சித்தப்பாவுக்கு ஒரு போன். வாட்ஸ்அப்பில் அல்ல, நேராகப் பேச வேண்டும். தம் செல்போனில் இருந்து பத்திரிகை போனது அவருக்கு இன்னும் தெரியாமல் இருக்கலாம்.